உறையின் மேல் ஒரு நாடு

பிளாக்ஹவுஸ் பே,
ஒக்லாந்து.
23.11.1986

அன்புள்ள மகள் ரதிதேவிக்கு,

வாய் மூடி இருந்தது போதும். இந்தப் பயணத்தைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து நான் உன்னோடு கதைக்கவில்லை. விமான நிலையத்துக்கும் வரவில்லை. "மனுசன் கல்லு" என்று உன் அம்மா அழுதாள். கல்லுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

பொறியியல் படிக்கிற பிள்ளை விடுமுறையில் பயிற்சி வேலை பார்க்கத்தான் வேண்டும். ஒக்லாந்தில் குழாய் பதிக்கிற கொம்பனி இல்லையா? கிளென் ஈடனில் தெருத் தெருவாகக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். நீயோ உலகத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் துருக்கியின் கிழக்கு மூலையில் ஒரு வாய்க்கால் திட்டத்தைப் பிடித்தாய். "அப்பா, நீங்களும் வாய்க்கால் வெட்டின என்ஜினியர்தானே, சந்தோசப்படுவீங்கள் எண்டு நினைச்சன்" என்றாய். அங்கேதான் எனக்கு எரிந்தது.

வாய்க்காலைப் பற்றி எனக்குச் சொல்லாதே. முதலில் தண்ணீர் வரும். அதன் பின்னால் லொறிகளில், குடியேற்றுவதற்கு வெளி ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் புதுப் பெயர்ப்பலகை வரும். ஊர் அங்கேயே கிடக்கும், பெயர் மட்டும் போய்விடும். இதற்கு நான் அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன், அரசாங்கச் சம்பளத்தில்.

நீ தங்கப்போகும் வீட்டுக்காரர் குர்தியர் என்றாயல்லவா. அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போய் அவர்களைப் பற்றி இருந்த புத்தகங்களை வாசித்தேன். தாய்மொழியைப் பொது இடத்தில் கதைக்கக் கூடாதாம். ஊர்களுக்குப் புதுப் பெயராம். வாசிக்க வாசிக்க, தெரிந்த ஆளை வேறு உடுப்பில் கண்டதுபோல் இருந்தது.

நமக்கு 1956இல் 'சிங்களம் மட்டும்' என்று சட்டம் வந்தது. 1958இல் அடித்தார்கள். 1983இல் வெள்ளவத்தை வீட்டை எரித்தார்கள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். இடையில் என் கையெழுத்துக்கு நடந்ததும் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நீர்ப்பாசனத் திணைக்களக் கடிதங்களில் நான் தமிழில் ஒப்பமிட்டேன். சிங்களத்தில் போடு என்றார்கள். மாட்டேன் என்றேன். எனக்குக் கீழே இருந்த கதிர்காமநாதன் ஒரே கிழமையில் சிங்களத்தில் ஒப்பமிடப் பழகிக்கொண்டு எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். நான் கடைசிவரை அதே நாற்காலி. அவன் இப்போது மெல்பேர்ணில் இருக்கிறானாம். தமிழ்ப் பற்றைப் பற்றி மேடைகளில் முழங்குகிறானாம். முழங்கட்டும்.

இங்கே த்ரீ கிங்ஸில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடையில் நிற்கிறேன். 'மகேசன்' வாயில் நுழையவில்லை என்று மனேஜர் பொடியன் 'மேக்ஸ்' என்று சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டி ஒன்று அடித்துத் தந்தான். மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வேலை நேரத் தாளில் நான் போடும் ஒப்பத்தைப் பார்த்து, "இது என்ன, கோழி கிண்டினதா?" என்றான். "அதுதான் என்ர பேர்" என்றேன்.

ஆகவே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. நீ அளக்கிற வாய்க்கால் யாருடைய நிலத்துக்குப் போகிறது?

இன்னொன்று. நீ மேசையில் விட்டுச் சென்ற முகவரியில் நாட்டின் பெயர் பிழை. உறையின் மேல் அதைத் திருத்தி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'குர்திஸ்தான்' என்று எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் உன் அத்தைக்கும் 'தமிழீழம்' என்றுதான் எழுதுகிறேன். கடிதம் போய்ச் சேர்கிறதே!

பதிலை எதிர்பார்க்கும்,
இ. மகேசன்


தியார்பக்கிருக்குக் கிட்ட ஒரு கிராமம்
27.11.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கு வேறு எழுதியிருக்கிறேன். இது உங்களுக்கு. நீங்கள் என்னோடு கதைக்காவிட்டாலும் நான் எழுதுவேன். இந்தப் பிடிவாதம் எந்தக் கடையில் வாங்கினது என்று உங்களுக்குத் தெரியும்.

வந்து ஒரு கிழமை ஆகிறது. குளிர் என்றால் ஒக்லாந்துக் குளிர் இல்லை. காலையில் சேறு கல்லாகியிருக்கும், மத்தியானம் திரும்பவும் சேறாகிவிடும். நான் இருக்கும் வீட்டுக்காரரின் பெயர் ஹசன். திட்டத்தில் அளவுத்தடி பிடிக்கிற வேலை. முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்ததால் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அதில் பாதி கெட்ட வார்த்தை. அவரை 'ஹாலோ' என்று கூப்பிட வேண்டுமாம். தாயின் சகோதரன். நம்முடைய மாமா. மனைவி ஸெரே. மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பெர்ஃபின், பனியோடு சேர்ந்த பெயராம். பள்ளிக்கூடத்தில் அதே பிள்ளைக்கு வேறு பெயர். முதல்நாள் நான் தெருவில் நின்று "பெர்ஃபின்!" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

முதல் மூன்று நாளும் நான் யார், ஏன் வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்தாளியைக் கேட்கக் கூடாதாம். நம்முடைய ஆட்கள் என்றால் வாசலிலேயே ஊர், பேர், உறவு எல்லாம் உரித்திருப்பார்கள்! தேநீர்தான் என்னைக் கொன்றது. சின்னக் கிளாஸ், குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். மரியாதைக்கு நானும் குடித்தேன். வயிறு பானையானது. ஸெரே கடைசியில் பாவம் பார்த்து, கரண்டியைக் கிளாஸின் வாய்க்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள். அப்படி வைத்தால் போதும் என்று அர்த்தமாம். வீடு முழுக்கச் சிரிப்பு.

தரையில் சீலை விரித்துத்தான் சாப்பாடு. அதைத் தாண்டும்போது என் கால் கொப்பியில் பட்டுவிட்டது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கட ஆக்கள் புத்தகத்துக்கா இதைச் செய்யிறது? நாங்கள் பாணுக்குச் செய்யிறம்" என்றார் ஹசன். கீழே விழுந்த ரொட்டியை முத்தமிட்டு நெற்றியில் வைப்பார்களாம். அதற்குப் பிறகு நான் விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை. வேலை வாங்குகிறார்கள்.

திட்டத்தில்தான் வேலை தரமாட்டோம் என்றார்கள். முதல் நாள் நாற்காலி ஒன்றைச் சேற்றில் போட்டு, சால்வை போர்த்தி, என்னைக் கோயில் சிலைபோல் உட்கார்த்தி வைத்தார்கள். பெண் பிள்ளை, அதுவும் விருந்தாளி. இரண்டாம் நாள் நாற்காலியைத் தூக்கி ஹசனிடம் கொடுத்துவிட்டு, அளவுத்தடியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். குறும்பு செய்கிற பிள்ளையைச் "சுழியன்" என்போமே, அதற்கு அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது. இப்போது அதுதான் என் பெயர். நேற்று மட்டம் பார்க்கிற கருவியிலும் விட்டார்கள்.

பின்னேரத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வானொலி அவர்களுடைய மொழியில் பாடும். சத்தத்தைக் குறைத்து, காதை ஒட்டிவைத்துக் கேட்பார்கள். யாராவது கதவைத் தட்டினால் ஸெரே ஓடிப்போய் அதைத் திருகி நிறுத்துவாள். 83க்கு முன் கொழும்பு வீட்டில் நீங்கள் செய்தி கேட்பது ஞாபகம் வந்தது.

ஒரு முக்கியமான விஷயம். இங்கே வரும் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள். இந்தக் கடிதம் தலைநகருக்குப் போகிற ஒருவரின் கையில் போகிறது, அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன். நீங்கள் எழுதுவதானால் இந்த ஆட்களின் இனப் பெயரையோ இடப் பெயரையோ எழுத வேண்டாம். முக்கியமாக உறையில். நான் தந்த முகவரியை அப்படியே எழுதுங்கள்.

எழுதுவீர்கள்தானே?

அன்பு மகள்,
ரதி


பிளாக்ஹவுஸ் பே
9.12.1986

அன்புள்ள மகள் ரதிதேவிக்கு,

உன் எச்சரிக்கை பிந்திவிட்டது. என் கடிதம் இரண்டு கிழமைக்கு முன்பே போய்விட்டது, உறையில் சரியான பெயரோடு. போகட்டும். உடைத்துப் பார்க்கட்டும். அந்த நாட்டில் தமிழ் வாசிக்க எவனுக்குத் தெரியும்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கோழி கிண்டினதுதான் தெரியும்.

உன் அம்மா அப்படி நினைக்கவில்லை. "உங்கட வீரத்தை உங்கட அட்ரஸில வச்சுக்கொள்ளுங்கோ, அந்தப் பிள்ளையின்ர அட்ரஸில எழுதாதேங்கோ" என்று கத்தினாள். இந்த உறையை என் கையிலிருந்து பிடுங்கி, நீ சொன்னபடி தானே எழுதி, பின்பக்கத்தில் தன் பெயரையும் போட்டாள். உன் அம்மா செல்வநாயகிக்கு ஐம்பது வயதில் முழு ஆட்சி கிடைத்திருக்கிறது.

டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடையின் முதலாளி கோவிந்த், "துருக்கியிலே பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார். துருக்கி இல்லை என்று தொடங்கி அரை மணிநேரம் விளக்கினேன். அவர் பாலைக் கையில் பிடித்தபடியே நின்றார். "ஆமா, ஆமா" என்றார். பீஜிக்காரர், பொறுமைசாலி.

அளவுத்தடியைப் பிடுங்கினது நல்லது. மட்டக் கருவியின் காலைச் சேற்றில் ஊன்றாதே, பலகை போடு. என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இ. மகேசன்


16.12.1986

அப்பா,

இதுவும் கை மாறித்தான் வருகிறது. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். நடுவில் எழும்பிப் போகாதீர்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்தது. தபால்காரன் கொண்டுவரவில்லை. ஜந்தார்மா கொண்டுவந்தார்கள், இங்கே கிராமங்களைக் காவல் செய்கிற பொலிஸ். ஒரு சார்ஜண்டும் இரண்டு பேரும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சார்ஜண்ட் உறையைச் சீலையின் மேல், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் எழுதிய சொல்லின் மேல் விரலை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹசனைப் பார்த்தார்.

"இந்த வெளிநாட்டுப் பிள்ளைக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்தது ஆர்?"

உங்களுக்கு விளங்குகிறதா அப்பா? நீங்கள் நூலகத்தில் வாசித்ததாக அவர்கள் நினைக்கவில்லை. ஹசன் எனக்குச் சொல்லி, நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

என் மேலதிகாரி என்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவருக்கு ஆங்கிலம் தெரியும். கடிதத்தை நான் வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் துருக்கி மொழியில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைக் கையில் எடுத்தேன். "வாய் மூடி இருந்தது போதும்." முதல் வரியே அது. நான் வாயைத் திறந்து வேறொரு கடிதத்தை வாசித்தேன்.

"என் செல்ல மகளே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பச்சைத் தண்ணியில் தலை முழுகாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. வீட்டுக்கு முன்னால் உள்ள மரம் சிவப்பாகப் பூத்துவிட்டது. உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. விமான நிலையத்துக்கு வராதது என் பிழை. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது."

கதிர்காமநாதன் மாமா வருகிற இடத்தில் கம்பளிக் காலுறையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சார்ஜண்ட் என்ஜினியரிடம், "இதுக்கு ஏன் அழுகிறாள்?" என்று கேட்டார். "தகப்பன் எழுதினது" என்றார் அவர்.

பிறகு சார்ஜண்ட் தாளை வாங்கி, எழுத்தை விட்டுவிட்டு இலக்கங்களைப் பிடித்தார். தமிழ் தெரியாதவனுக்கும் இலக்கம் தெரியும் அப்பா! 1956 என்ன? அப்பா வேலைக்குச் சேர்ந்த வருடம். 1958? கல்யாணம். 1983? எனக்குப் பொய் வரவில்லை. "எங்கட வீடு எரிஞ்ச வருசம்" என்றேன். அவர் தாளைக் கீழே வைத்தார். 'கடந்து போகட்டும்' என்று அர்த்தப்படுகிற ஒரு சொல்லைச் சொன்னார். இங்கே துன்பம் கேட்டால் எல்லோரும் சொல்கிற சொல். மனிதர்தான் அவரும்.

உறையைப் பற்றிக் கேட்டபோது, "என்ர அப்பா ஆணி விக்கிறவர். பூமிசாத்திரம் தெரியாது, பழைய அட்லஸைப் பாத்து எழுதியிருப்பார்" என்றேன். உங்களை மூடர் ஆக்கிவிட்டேன். இரண்டு பொலிஸ்காரரும் சிரித்தார்கள். ஆனாலும் ஹசனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் விட்டார்கள். வந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார். வலது கையால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் குடித்துவிட்டு, கரண்டியைக் குறுக்கே வைத்தார். அவர் கரண்டியைக் குறுக்கே வைத்து நான் கண்டதே இல்லை.

நான் பெட்டியை அடுக்கினேன், அலுவலக விடுதிக்குப் போக. ஸெரே வந்து என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அரை மணிநேரம் எழும்பவில்லை. ஹசன் கப்பல் ஆங்கிலத்தில், "விருந்தாளியைப் பயத்தில அனுப்பினா இந்த வீட்டில ஆம்பிளை இல்லை எண்டு அர்த்தம், பொம்பிளையும் இல்லை எண்டு அர்த்தம்" என்றார். அதனால் இருக்கிறேன்.

வாய்க்கால் யாருடைய நிலத்துக்குப் போகிறது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. வந்த மூன்றாம் நாளே நானும் கேட்டேன். ஒருவரும் இல்லாத மேட்டில், ஹசனிடம், மெதுவாக. அவர் பதில் சொன்னார். அதை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உறையின் பின்பக்கத்திலிருந்து உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் இனி ஒரு கடிதம் வந்தால் நிறுத்துவார்கள். அதை எடுக்க ஹசன்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். உள்ளே இருப்பதையும் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி வாசிப்பிப்பார்களாம். ஆகவே எழுதுவதானால் பெயரில்லாமல் எழுதுங்கள். வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். முடியாவிட்டால் எழுதவே வேண்டாம். இரண்டில் எது உங்களுக்குச் சுலபம் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயம்.

நான் அன்றைக்கு வாசித்த கடிதத்தை நீங்கள் ஒருநாளும் எழுதினதில்லை. இந்த வீட்டில் எல்லோரும் நீங்கள் எழுதினதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் நான் வெளிக்கிடும்போது ஸெரே என் தலையைத் தொட்டுப் பார்க்கிறாள், ஈரம் இருக்கிறதா என்று.

ரதி


அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. அதை வாசித்ததிலிருந்து உன் அம்மா என்னோடு கதைப்பதில்லை. இந்த வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் அந்த வேலையைப் பார்க்கிறோம்.

கடைசிவரை வாசித்தேன். நடுவில் எழும்பிப் போனேன், திரும்பி வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய அந்தச் சொல் பிழையில்லை. இன்றைக்கும் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். ஒரு சனம் தன் வீட்டுக்குத் தான் வைத்த பெயரைச் சொல்வது குற்றம் என்றால், குற்றவாளி இங்கே நிற்கிறேன், வந்து கேட்கட்டும். ஆணிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் நிற்கிறேன்.

ஆனால் என்னிடம் ஒருவனும் வரவில்லை. அந்த மனிதரிடம் போனார்கள். பத்தாயிரம் மைலுக்கு இப்பால் நான் தூக்கிய கொடிக்கு அடி வாங்கியது அவருடைய கை. எந்த அரசாங்கமும் என்னை வெல்லவில்லை என்று இவ்வளவு நாளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மெல்பேர்ணில் மேடை ஏறி முழங்குகிறவனைப் பழித்தேன். அவனுடைய மேடை மெல்பேர்ணில். என்னுடையது ஓர் உறையின் மேல்.

இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதே. எனக்கு வராது.

நீ எனக்காக வாசித்த கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அதில் பிழைகள் இருக்கின்றன. பூமிசாத்திரத்தில் நான் வகுப்பில் முதலாவது, அந்த ஜீப்காரர்கள் சிரித்ததை ஒருநாளும் மறக்கமாட்டேன். 'செல்ல மகளே' என்று நான் எழுதுகிறவன் இல்லை. 'பெருமை' என்ற சொல்லும் என் பேனையில் நிற்காது. மற்றப்படி சரி. மரம் பூத்துத்தான் இருக்கிறது, வழியெல்லாம் சிவப்புத் தூள். உன் அறையைக் கேட்டு ஒரு மாணவன் வந்தான். வாடகை நன்றாகத் தருவான் போலிருந்தது. இல்லை என்று அனுப்பிவிட்டேன். விமான நிலையத்துக்கு நான் வந்தேன். கார்த் தரிப்பிடத்தில் நின்றேன், உள்ளே வரவில்லை. இதை உன் அம்மாவுக்குச் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதை நான்தான் சொன்னேன் என்று உன் தலையைத் தொட்டுப் பார்ப்பவருக்குச் சொல்லு. இனி அது பொய் இல்லை.

அந்தக் கைக்கு எள்ளெண்ணெய் கிடைத்தால் சூடாக்கிப் பூசச் சொல்லு. விரல்களை மடக்கி நீட்டிப் பழகச் சொல்லு. கிளாஸை வலது கையால் பிடித்த நாளன்று எனக்கு எழுது. வேறொன்றும் எழுதத் தேவையில்லை, அதை மட்டும் எழுது. உன் பதிலை நீ முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கதவுக்கு உள்ளே வந்து நிற்பேன்.

இந்தக் கடிதத்தில் திகதி இல்லை. இலக்கம் ஒன்றும் இல்லை, தேடிப் பார். உன் பெயர் இல்லை, அவர்களுடைய பெயர் இல்லை. உறையின் முன்பக்கத்தில் நீ சொன்ன நாட்டை நீ சொன்னபடி என் கையாலேயே எழுதிவிட்டேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். பின்பக்கம் வெறுமை.

கடைசி இடம்தான் மிச்சம். பேனையை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துவிட்டு உன் அம்மா வாய் திறந்தாள்.

"என்ர பேரைப் போடுங்கோவன்."

"இல்லை" என்றேன். என் பெயர் இருக்கிற இடத்தில் இன்னொன்றைப் போடுகிறவன் என்றால், அதை அந்த நாளிலேயே திணைக்களத்தில் போட்டு, மெல்பேர்ண்காரனுக்கு மேலே உட்கார்ந்திருப்பேன். ஒன்று என் பெயர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

கையெழுத்தை மாற்று என்று ஓர் அரசாங்கம் கேட்டது, கொடுக்கவில்லை. மனேஜர் பொடியன் பெயரை மாற்று என்றான், அதுவும் கொடுக்கவில்லை. நாளைக் காலையும் வேலை நேரத் தாளில் தமிழில்தான் போடுவேன், கோழி கிண்டட்டும். இந்தக் கடிதத்தில் என் கையெழுத்தை விடுவது எந்த அதிகாரிக்கும் பயந்து இல்லை. வீட்டில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயருமாக இருக்கிற அந்தச் சின்னப் பிள்ளை சாப்பிடுகிற நேரத்தில், என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவரும் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. அவ்வளவுதான்.

எழுத்தைப் பார்த்தே ஆள் யார் என்று உனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமல் இதை மடித்து ஒட்டி, டெய்ரிக்கு முன்னால் இருக்கிற தபால்பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.